நூறு சொல்லுக்குள்

"உங்களைப் பற்றி நூறு சொல்லுக்குள் எழுதித் தாங்கோ அக்கா.
நிகழ்ச்சி நிரலின் பின்னட்டையில் அவ்வளவுதான் இடம்,
மிச்சம் சீமெந்துக் கொம்பனி விளம்பரம்."
சரி.

எமல்டா ஞானப்பிரகாசம். குருநகர்.
றொட்டர்டாமில் இசையமைப்புப் பட்டம்.
நரம்பிசை நால்வருக்கு ஏழு படைப்புகள்.
எக்காளமும் டிரம்சும் சேர்ந்தவை நான்கு.

பதினாலு சொல்.
நாற்பத்துநாலு வயது அதற்குள் முடிந்துபோகிறது.

மின்சாரம் இல்லாத வருடங்களில்
றொனால்ட் அண்ணா சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
கையால் பெடல் சுற்றுவார்.
டைனமோவிலிருந்து இரண்டு வயர், நாலு டயோட்,
வயிறு திறந்த கசற் பிளேயர்.
கப்பலுக்குப் போன ஆரோ விட்டுப்போன கசற்:
ஒரு பக்கம் தவக்காலப் பாட்டுகள்,
மறுபக்கம் பெயரெழுதாத எக்காளம்.
இறுதித் தீர்வைக்கு ஊதுவது என்று
மறைக்கல்வியில் படித்திருந்தேன்.
இதுவோ தீர்வை முடிந்து, விடுதலையான ஒருவன்
அவசரமில்லாமல்
வீட்டுக்கு நடந்துபோவதுபோல் இருந்தது.

அண்ணாவுக்குக் கை உளைந்தால் சுரம் இறங்கும்.
மேலே போய் நிற்கவேண்டியது
அரைக்கால் அளவு சரியும்.
கை மாற்றினால் நிமிரும்.
அந்தச் சரிவில்தான் எனக்குக் கண் கலங்கும்.
எக்காளக்காரனுக்கு ஏதோ பெரிய துயரம்
என்று நினைத்தேன்.

இருபத்தாறு வயதில், றொட்டர்டாம் நூலகத்தில்,
அதே பதிவைக் கேட்டேன்.
அவன் வேண்டுமென்று வளைத்த இடங்கள் இருந்தன.
என்னுடைய இடங்கள் இல்லை.
அங்கெல்லாம் நேராக நின்றான், நல்ல சுகமாக.
வெளியே வந்து தரிப்பிடத்தில் நின்று
மூன்று டிராமை விட்டேன்.

பிறகு எழுதியதெல்லாம் அந்த இடங்களுக்காகத்தான்.
செல்லோவின் சுரத்துக்கு மேல்
கீழ்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி.
எவ்வளவு இறக்க, கால் சுரமா, அதற்கும் குறைவா
என்று கேட்பார்கள்.
கை உளையும் அளவு, என்பேன்.
அவர்கள் மொழியில் அது பகிடி.

ஒரு விமர்சகர் எழுதினார்:
சாஸ்திரியத்திலும் ஜாஸிலும் இவர் விருந்தாளி.
விருந்தாளிக்குச் சாப்பாடாவது போடுவார்கள்.
நான் கலியாண மண்டபங்களில் கீபோட் வாசித்தேன்.
தயிர் விளம்பரத்துக்கு ஏழு வினாடி எழுதினேன்
(இன்றுவரை அதிகம் பேர் கேட்ட என் படைப்பு அதுதான்).

இங்கே டிரம்சுக்கு அருள்நேசன்,
பகலில் படகு எஞ்சின் திருத்துபவர்.
மூன்றாம் பகுதியில் தாளம் நொண்டவேண்டும்,
விழக்கூடாது.
அங்கே இதை இரண்டு கிழமை விளக்கினேன்.
இவர் தாளைப் பார்த்தார், காதைச் சொறிந்தார்.
"ஒரு பிளக் செத்த எஞ்சின். விளங்குது."

நேற்று ஒத்திகைக்கு அண்ணா வந்தார்,
உதிரிப்பாகக் கடையை அரைநாள் பூட்டிவிட்டு.
பின்வரிசையில் இருந்து முழுவதும் கேட்டார்,
போனை ஒருக்காலும் எடுக்கவில்லை.
"எல்லாம் நல்லது.
இரண்டாவதில் அந்தச் செல்லோப் பெடியன்
ஏன் அடிக்கடி விழுத்துறான்?
சொல்லித் திருத்து."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.
என்ன நோ என்று கேட்டேன்.
குளிருக்கு வாறது, என்றார்,
யாழ்ப்பாணத்தில், சித்திரை வெயிலில்.

தம்பி, எண்பத்தாறு சொல் மிச்சம் இருக்கிறது.
சீமெந்துக் கொம்பனிக்கே கொடுத்துவிடுங்கோ.

இல்லை, நில்லுங்கோ.
எக்காளம் என்று எழுதியதை
ட்ரம்பெற் என்று மாற்றவேண்டாம்.